ஐந்து ரூபாயை எங்கே வைப்பது? இலா பட் தொடங்கிய வங்கியின் கணக்கு

காலையில் 50 ரூபாய் வாங்கினால் சாயங்காலம் 55 ரூபாயாகத் திருப்பிக் கட்ட வேண்டும். 1970களில் அகமதாபாத் மாணேக் சௌக் சந்தையில் காய்கறி விற்ற பெண்களில் பலர் இப்படித்தான் முதல் புரட்டினார்கள். தண்டல், ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று கேள்விப்பட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனாலும் கணக்கை ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 5 ரூபாய் வட்டி, வருடத்தில் 300 நாள் வியாபாரம் என்றால் 1,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசல் வெறும் 50. அந்த ஐம்பதும் வருடக் கடைசியில் அவர் கையில் இல்லை, மறுநாள் விடியற்காலையில் அதே ஆளிடம் மறுபடியும் போய் நிற்க வேண்டும்.

தினமும் இன்னொரு 5 ரூபாயை எடுத்து வைத்தால் பத்தே நாளில் சொந்த முதல் கையில் இருக்குமே, ஏன் செய்வதில்லை என்று கேட்கத் தோன்றும். படிப்பில்லை, கணக்குத் தெரியவில்லை, சேமிக்கும் பழக்கமில்லை என்று சுலபமாகப் பதிலும் வரும். இந்தப் பதில்களைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். மூன்று கிலோ கத்தரிக்காயை எந்த விலைக்கு எடுத்தால் எவ்வளவு அழுகும், எவ்வளவு நிற்கும் என்று மனக்கணக்காகச் சொல்கிற ஒருவருக்கு வட்டிக் கணக்கு தெரியாதா? நன்றாகத் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: எடுத்து வைக்கும் அந்த 5 ரூபாயை எங்கே வைப்பது? பூட்டில்லாத ஒற்றை அறை, கேட்டதும் கொடுத்துவிட வேண்டிய கணவர், வளர்ந்த மகன், பக்கத்து வீட்டில் இருக்கும் உறவு, திடீரென்று காய்ச்சலில் விழும் குழந்தை. கையில் இருக்கிற பணம் கையில் இருக்கிறவரைக்கும் எல்லோருடைய பணமும்தான்.

இதைக் காட்டும் ஒரு ஆய்வு சென்னையிலேயே நடந்திருக்கிறது. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகள் சிலரின் வட்டிக்கடனை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். இனிமேல் அந்த வட்டிப் பணம் அவர்களிடமே தங்கும், கடனுக்கே போக வேண்டாம் என்றுதான் எவரும் நினைப்போம். பெரும்பாலானவர்கள் ஆறு வாரங்களுக்குள் திரும்பவும் கடனுக்குள் வந்துவிட்டார்கள். ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. காரணங்கள் பல இருக்கலாம், ஒன்றை மட்டும் சொல்லி முடிக்க முடியாது. ஆனால் கடனை அடைத்தால் மட்டும் போதாது என்பது இதில் தெளிவாகிறது.

இன்னொன்று, ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் பதிவு செய்தது. விஜயவாடாவில் ஒரு பெண் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வசூலிப்பவர். 220 கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுப்பார். கட்டத்துக்கு 5 ரூபாய், நிரம்பினால் 1,100 ரூபாய். அதில் 100 ரூபாயைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பார். அதாவது சேமிக்கிறவருக்கு வட்டி வரவில்லை, சேமிக்கிறவர்தான் காசு கொடுக்கிறார்! வருடக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 30 சதவீத வட்டியைத் தன் சொந்தப் பணத்துக்குத் தானே கட்டுகிறார். அப்படியும் அவரிடம் வரிசையாகச் சேர்ந்தார்கள். பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் வாசலுக்கே வர வேண்டும், அதற்கு என்ன விலையானாலும் சரி என்ற அளவுக்கு அந்தத் தேவை இருக்கிறது.

இந்தத் தேவையை 1974-லேயே புரிந்துகொண்டு அதற்காகவே ஒரு வங்கியைக் கட்டியவர் இலா பட். ஏழைகளையும் வங்கிச் சேவைக்குள் கொண்டுவருவது, அதாவது நிதி உள்ளடக்கம், என்று இன்று அரசும் நிறுவனங்களும் பேசுவதெல்லாம் அவர் பார்த்த வேலையின் தொடர்ச்சி என்றுதான் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தொடங்கிய முனை ஒன்று, இன்று பெருவாரியாக ஓடிக்கொண்டிருக்கும் பாதை வேறொன்று.

இலா பட் 1933-ல் அகமதாபாத்தில் பிறந்தவர், சட்டம் படித்தவர். 1955-ல் அந்த ஊரின் நூற்பாலைத் தொழிலாளர் சங்கமான மஜூர் மகாஜனில், 1918 வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாக காந்தியும் அனசூயா சாராபாயும் உருவாக்கிய அதே சங்கத்தில், சட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அதன் மகளிர் பிரிவுக்குத் தலைவரானார். துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்கள் அவரைத் தேடி வந்த பிறகுதான், ஆலைக்கு வெளியே எந்தச் சட்டத்திலும் எந்தக் கணக்கெடுப்பிலும் சேராமல் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பது அவர் கண்ணில் பட்டது. 1972-ல் சேவா, அதாவது சுயதொழில் பெண்கள் சங்கம், தொழிற்சங்கமாகப் பதிவானது. அதுவும் லேசில் நடக்கவில்லை. முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குச் சங்கம், யாரை எதிர்த்துப் போராடப் போகிறீர்கள் என்று தொழிலாளர் துறை கேட்டது. சங்கம் என்பது உழைப்பவர்கள் ஒன்றுசேர்வதற்கு, எதிரே ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று வாதாடித்தான் பதிவு வாங்கினார்.

முதலில் அவருக்கும் வங்கி தொடங்கும் எண்ணம் இல்லை. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகியிருந்தன, ஏழைகளுக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்று அவற்றுக்கு அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சரி, இருக்கிற வங்கிகளையே பயன்படுத்திக்கொள்வோம் என்று சேவா இடையில் நின்று உறுப்பினர்களுக்குக் கடன் வாங்கிக் கொடுத்தது. கடன் வந்தது, திரும்பியும் போனது. ஆனால் வங்கிக்குள் அந்தப் பெண்களுக்கு மரியாதை இல்லை. அழுக்குப் புடவையும் இடுப்பில் குழந்தையுமாக வந்து நிற்பவர்களை எப்படி நடத்துவது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. படிவம் புரியாது, வங்கி திறந்திருக்கும் நேரமோ வியாபாரம் சூடாக நடக்கும் நேரம். எல்லாவற்றையும் தாண்டிக் கடனை வாங்கி வந்தாலும் அதை வைக்க இடமில்லை. கடனாக வந்த பணத்தை மொத்த வியாபாரியிடமோ வட்டிக்காரரிடமோ கொடுத்துவைத்தவர்கள்கூட உண்டு. கடன் திட்டத்தை நடத்தப் போய், சேமிப்புதான் பிரச்சினை என்று கண்டுகொண்டது இப்படித்தான்.

1973 கடைசியில் நடந்த ஒரு கூட்டத்தில், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் தொழில் செய்த சந்தாபென் எழுந்து, நமக்கென்று ஒரு வங்கி தொடங்கினால் என்ன என்று கேட்டார். நம்மிடம் பணம் இல்லையே என்று இலா பட் சொன்னபோது, ஏழைகள்தான், ஆனால் இவ்வளவு பேர் இருக்கிறோமே என்றார் அவர். தலைக்கு 10 ரூபாய் பங்கு போட்டு 4,000 பெண்கள் சேர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகம் தயங்கியது. பதிவுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகி, மறுநாள் போய்த் தப்பில்லாமல் போட்டார்கள். 1974 மே மாதம் ஸ்ரீ மகிளா சேவா சகாகாரி வங்கி பதிவானது.

அந்த வங்கி தினசரி எப்படி நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையெழுத்து இல்லாமல் ஆளை எப்படி அடையாளம் காண்பது? கணக்கு எண்ணை எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு பெண்ணையும் புகைப்படம் எடுத்தார்கள், அந்தப் படம் பாஸ்புக்கில் ஒட்டப்பட்டது. ரேகை உருட்டுவதைவிட இது எவ்வளவு கௌரவமான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள். பணத்தை வீட்டில் வைக்க முடியாது என்பதுபோலவே பாஸ்புக்கையும் வைக்க முடியாது. கணவர் கண்ணில் பட்டால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால் பாஸ்புக்கை வங்கியிலேயே விட்டுவைக்கலாம். வங்கிக்கு வர நேரமில்லாதவர்களிடம் வசூல் செய்ய ஆட்கள் சந்தைக்கும் குடியிருப்புக்கும் போனார்கள், சாவியை வங்கி வைத்துக்கொள்ளும் பூட்டிய உண்டியல்களும் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. சில மாதம் விடாமல் சேமித்துக் காட்டியவருக்குத்தான் கடன். ஈடு கேட்கவில்லை, அந்தச் சேமிப்புப் பதிவே ஈடு. இயக்குநர் குழுவில் பெரும்பான்மை உறுப்பினர்களே: காய்கறி விற்பவர், பீடி சுற்றுபவர், துணி தைப்பவர். அதே சமயம் நிர்வாகம் தெரிந்தவர்கள் கையில் இருந்தது. ஜெயஸ்ரீ வியாஸ் என்ற பட்டயக் கணக்காளர் 1980களில் நிர்வாக இயக்குநராகி நெடுங்காலம் வங்கியை நடத்தினார். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தது முக்கியம். மனசு மட்டும் இருந்து கணக்கு இல்லாமல் மூழ்கிய கூட்டுறவுகள் இந்த நாட்டில் ஏராளம்.

தவணை நின்றுபோனவர்களிடம் என்ன ஆனது என்று விசாரிக்கப் போனபோது வேறொன்று தெரியவந்தது. அவர்களில் சிலர் உயிரோடே இல்லை, அதிலும் பிரசவத்தில் இறந்தவர்கள் அதிகம். வாராக்கடன் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதி மூடிவிட்டிருக்கலாம். சேவா அங்கிருந்து பேறுகால உதவிக்கும் உடல்நலப் பணிகளுக்கும் போனது, 1992-ல் விமோ சேவா என்ற பெயரில் காப்பீடு வந்தது. கிராமப் பக்கம் அடமானத்தில் கிடந்த நிலத்தை மீட்கக் கடன் கொடுத்தபோது, மீட்ட நிலத்தை மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஒரு கடன் விண்ணப்பத்துக்குள் சொத்துரிமையைக் கொண்டுவந்து வைத்த இந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

1981-ல் குஜராத்தில் இடஒதுக்கீடு தொடர்பான கலவரம் நடந்தபோது இலா பட் தலித்துகள் பக்கம் நின்று பேசினார், மஜூர் மகாஜன் சேவாவை வெளியேற்றியது. தாய்ச் சங்கமே கைவிட்ட பிறகும் வங்கி நின்றது. வெளியிலிருந்து வந்த நன்கொடையில் ஓடிய நிறுவனமாக இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அங்கே கிடந்தது உறுப்பினர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணம்.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையிலும் இதே வேலை நடந்தது, நாம்தான் அதைச் சரியாக நினைவு வைத்திருக்கவில்லை. காங்கிரஸ் கட்சியில் இருந்த ஜெயா அருணாச்சலம் வெள்ள நிவாரணத்துக்காகக் குடிசைப் பகுதிகளுக்குப் போனபோது, அங்கிருந்த பெண்கள் நிவாரணத்தைவிடத் தொழிலுக்குச் சின்னக் கடன்தான் வேண்டும் என்றார்கள். அவர் கட்சி அரசியலை விட்டு 1978-ல் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். 4 சதவீத வட்டிக்குக் கடன் தரும் அரசுத் திட்டம் ஒன்று 1972 முதல் இருந்தது. பூ விற்பவர்களையும் மீன் விற்பவர்களையும் பத்து இருபது பேர் கொண்ட குழுக்களாகச் சேர்த்து அந்தத் திட்டத்தில் நாட்டுடைமை வங்கிகளில் கடன் வாங்கிக் கொடுத்தார். அகமதாபாத்தில் நடந்ததே இங்கேயும் நடந்தது: வங்கிகளோடு அலைந்து சலித்து, 1981-ல் பெண்களுக்கான கூட்டுறவுச் சங்கத்தைச் சொந்தமாகவே தொடங்கிவிட்டார்கள். தனித்தனியாக இரண்டு ஊரில் இரண்டு பெண்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்றால், அந்த வழியில் ஏதோ உண்மை இருக்கிறது. ஜெயா அருணாச்சலம் 2019-லும் இலா பட் 2022 நவம்பர் 2-லும் காலமானார்கள்.

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம். இன்று தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் இருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று நான்கு டியூ, ஒன்றைக் கட்ட இன்னொன்று. ஆனால் அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு ரூபாய்கூட நீங்கள் சேமிக்க முடியாது. ஏன் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. வங்கி உரிமம் இல்லாத நுண்கடன் நிறுவனம் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. ஏழைகளின் பணத்தோடு யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, நியாயமான விதிதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அந்த நிறுவனத்துக்கு விற்க இருப்பது கடன் மட்டும். வளர வேண்டுமானால் கூடுதலாகக் கடன் கொடுத்தே ஆக வேண்டும். கடன் வாங்கியவர் கொஞ்சம் சேமித்து, கடன் தேவையில்லாத நிலைக்கு வந்துவிட்டால் நிறுவனத்துக்கு ஒரு வாடிக்கையாளர் குறைகிறார். வசூலுக்கு வரும் இளைஞர் நல்லவரா கெட்டவரா என்பது அப்புறம்தான், அமைப்பே அப்படி வடிவமைந்திருக்கிறது. 2010-ல் ஆந்திராவில் இது வெடித்தது. கடன் சுமையும் வசூல் நெருக்கடியும் தற்கொலைகள் வரை போய், மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2022 முதல் ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. பாதி என்பதே எவ்வளவு பெரிய பங்கு! தமிழ்நாடு 2025-ல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

சேவா தொடக்கத்திலேயே கூட்டுறவு வங்கியாகப் பதிவு செய்துகொண்டதால் சேமிப்பு வாங்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு முடிவுதான் அதை வேறு பாதையில் வைத்தது என்று நான் நினைக்கிறேன். சுய உதவிக் குழுக்களும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவைதான். 1989-ல் தர்மபுரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது நம் ஊரின் மகளிர் குழுத் திட்டம், 1992-ல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. அங்கேயும் முதலில் சந்தா, அந்தச் சந்தாவிலிருந்து உள்கடன், அதற்கு அப்புறம்தான் வங்கிக் கடன். குழு என்ற பெயரை வைத்துக்கொண்டு முதல் படியை மட்டும் கழற்றிவிட்ட கடன்களையும் இவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது மகளிர் குழுக்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஜன் தன் கணக்குகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். 2014 ஆகஸ்டில் தொடங்கி 50 கோடியைத் தாண்டிவிட்ட அந்தத் திட்டம் சாதாரண விஷயமில்லை. அரசுப் பணம் இடையில் யாரும் கை வைக்காமல் வந்து சேர்கிறது, பெண்கள் பெயரில் கணக்கு இருக்கிறது. ஆனால் அவற்றில் ஐந்தில் ஒன்று இயங்காமல் கிடக்கிறது என்று 2023-ல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. கணக்கு இருப்பதும், இன்றைக்கு மிச்சமான 20 ரூபாயை இன்றைக்கே அதில் போட முடிவதும் ஒன்றல்ல. 20 ரூபாய் போடுவதற்காக அரை நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு யார் வங்கி வரிசையில் நிற்பார்கள்?

சேவா மாதிரியே ஊருக்கு ஊர் தொடங்கிவிடலாமே என்றால், அந்தக் கதவும் சாத்திக் கிடக்கிறது. 2001-ல் அதே அகமதாபாத்தில் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி பங்குச் சந்தைத் தரகர்களுக்குக் கடன் கொடுத்து மூழ்கியது. 2004-ல் புதிய நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு உரிமம் கொடுப்பதையே ரிசர்வ் வங்கி நிறுத்தியது. பெரிய மனிதர்கள் செய்த சூதாட்டத்துக்கான தண்டனை, 10 ரூபாய் பங்கு போட்டு வங்கி தொடங்க நினைக்கும் பெண்கள் தலையில் விழுந்தது.

இப்போதைக்குத் திறந்திருக்கும் வழி 2006 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கும் வங்கி முகவர்கள். கையடக்கக் கருவியோடு தெருவுக்கே வரும் இவர்களால் சேமிப்பு வாங்க முடியும், சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் இவர்களிடம் பெரும்பாலும் நடப்பது அரசுப் பணத்தை எடுப்பதுதான், போடுவது குறைவு. 20 ரூபாய் வைப்புக்குக் கிடைக்கும் கமிஷன் முகவரின் பெட்ரோலுக்கே காணாது. விஜயவாடா பெண் தன் கூலியைச் சேமிப்பவர்களிடமே வாங்கிக்கொண்டார், சேவா அதைத் தன் வங்கிச் செலவாக ஏற்றது. அந்தச் செலவை இப்போது அரசு ஏற்கலாம். தினம் சந்தையைச் சுற்றிவந்து 10, 20 என்று சேமிப்பு வாங்கும் முகவருக்கு, வாங்கிய தொகையைப் பார்க்காமல் எத்தனை பேரிடம் வாங்கினார் என்று பார்த்துச் சம்பளம் போல ஒரு தொகையைக் கொடுத்தால் போதும். கோயம்பேட்டிலோ மாட்டுத்தாவணியிலோ ஒரு சந்தையை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் செய்து பார்க்கலாம், அதற்குப் புதிய சட்டமோ புதிய வங்கியோ தேவையில்லை.